மூணு பூட்டுப் போட்ட பெட்டி

போன வருஷம் மூன்று மாதம் வீட்டுச் செலவை ஒரு ரூபாய் விடாமல் எழுதி வைத்தேன். வாடகையிலும் பள்ளிக் கட்டணத்திலும் கை வைக்க இடமில்லை. ஓட்டை இருந்தது போனில் ஆர்டர் பண்ணும் சாப்பாட்டிலும், யாரும் பார்க்காத இரண்டு ஓடிடி சந்தாவிலும்தான். எல்லாத்தையும் குறைச்சேன். கணக்குப்படி மாசம் நாலாயிரம் மிச்சம். ஆனா மாசக் கடைசில பேங்க் பேலன்ஸ் பழையபடியேதான் இருந்தது. மிச்சமான பணம் அதே கணக்கில் கிடந்ததால், அதே யுபிஐ வழியாக வேறு எதற்கோ போயிருந்தது.

அந்த எரிச்சலில்தான் சேமிப்பு வங்கிகளின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். (எரிச்சல் வந்தால் பழைய வரலாறு படிப்பது என் வழக்கம். அதுக்கு வாங்குற புத்தகச் செலவு தனி.)

கதை ஸ்காட்லாந்தின் தென்கோடியில், ரூத்வெல் என்ற சின்ன கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே பாதிரியாராக இருந்தவர் ஹென்றி டங்கன். இளவயதில் லிவர்பூலில் ஒரு வங்கியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர், அதனால் வங்கி எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஊர் மக்கள் பெரும்பாலும் பண்ணைக் கூலிகள், வீட்டு வேலை செய்பவர்கள். அன்றைய ஸ்காட்லாந்து வங்கிகளில் வட்டிக்குப் பணம் போட வேண்டுமென்றால் குறைந்தது 10 பவுண்டு வேண்டும். ஒரு கூலியாள் கையில் மிஞ்சுவதோ ஆறு பென்ஸ். அப்படி 400 தடவை மிஞ்சினால்தான் 10 பவுண்டு. அதுவரை அந்தக் காசை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் செலவாகிவிடும், இல்லை யாராவது கடன் கேட்பார்கள். நம்ம வீட்டு அரிசிப் பானைக்குள்ள இருக்கிற பணத்தோட கதியேதான்.

1810இல் டங்கன் ஒரு சின்ன வீட்டில் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். ஆறு பென்ஸ் இருந்தால் போதும், போடலாம். பணம் வைக்க ஒரு பெட்டி, அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம் இருக்கும். மூவரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். சேர்ந்த தொகையை வங்கியில் 5 சதவீத வட்டிக்குப் போட்டு, போட்டவர்களுக்கு 4 சதவீதம் கொடுத்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் இருந்த அபராதம். வருஷத்துக்கு குறைந்தது 4 ஷில்லிங் போடாதவர் ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும். முதல் ஆண்டில் சேர்ந்தது 151 பவுண்டு. நான்காம் ஆண்டில் 922.

டங்கனைக் கொண்டாடும்போது இன்னொன்றையும் சொல்லணும். கணக்கு தொடங்க வருபவரின் குடும்ப நிலையும் நடத்தையும் விசாரிக்கப்பட்டன. ஏழைகளைக் காப்பாற்ற இங்கிலாந்தில் இருந்ததுபோல் ஒரு வரி ஸ்காட்லாந்துக்கு வரக்கூடாது என்பதும் அவருடைய எண்ணம். அதாவது, கூலிக்காரன் தன் காசிலேயே தன்னைப் பார்த்துக்கொண்டால் நிலக்காரர்களின் பை தப்பிக்கும். கூலியை ஏத்திக் கொடுங்கன்னு சொல்றதைவிட, சிக்கனமா இருங்கன்னு சொல்றது எப்பவுமே சுலபம். ஆனாலும் அந்தப் பெட்டி வேலை செய்தது. ஊர்க்காரர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. கிடைத்த காசைக் கைக்கு எட்டாமல் வைக்கப் பக்கத்திலேயே ஒரு இடம் வந்தது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி வங்கிகள் பிரிட்டன் முழுக்கப் பரவின. மூணு சாவி ஒழுங்கு எல்லா இடத்திலும் இருக்கவில்லை. 1849இல் ராச்டேல் நகரச் சேமிப்பு வங்கியின் பொறுப்பாளர் ஜார்ஜ் ஹாவர்த் இறந்தபோது கணக்கைப் பார்த்தார்கள். எழுபதாயிரம் பவுண்டுக்கு மேல் காணவில்லை. ஆலைத் தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் போட்ட பணம். இந்த மாதிரி மோசடிகள் வெளிவந்தபிறகுதான் 1861இல் கிளாட்ஸ்டன் அஞ்சலகச் சேமிப்பு வங்கியைக் கொண்டுவந்தார். வட்டி வெறும் இரண்டரை சதவீதம், ஆனால் அரசாங்க உத்தரவாதம்.

அங்கேயும் குறைந்தது ஒரு ஷில்லிங் போட வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்காக 1880இல் அஞ்சல்துறைத் தலைவர் ஹென்றி ஃபாசெட் காலத்தில் ஒரு தாள் வந்தது. பன்னிரண்டு கட்டம். ஒரு பென்னி தபால்தலை வாங்கி ஒட்டிக்கொண்டே வரணும், தாள் நிறைந்தால் ஒரு ஷில்லிங்காகக் கணக்கில் சேரும். ஃபாசெட் இளவயதில் துப்பாக்கி விபத்தில் பார்வை இழந்தவர். துருக்கி சுல்தானுக்கு லண்டனில் 1867இல் நடந்த நடன விருந்தின் செலவை இந்தியாவின் வரிப்பணத்தில் எழுதியபோது நாடாளுமன்றத்தில் எதிர்த்துக் கேட்டவரும் இவரே.

இரண்டு வருஷம் கழித்து, 1882 ஏப்ரல் 1 அன்று, இந்தியாவிலும் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்துவிட்டது. ஆனால் கூடுதல் வட்டி இழுக்காமல் விடுமா? 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, ஓய்வு பெற்றவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் சிறை. அந்தச் சரிவின் விளைவாகத்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

தொண்ணூறுகளில் எங்க வீட்டிலும் இது நடந்தது. அப்பா, 24 சதவீத வட்டி என்று போர்டு மாட்டிய ஒரு ஃபைனான்ஸில் பி.எஃப். பணத்தைப் போட்டார். ஒருநாள் காலையில் ஷட்டர் திறக்கவே இல்லை. அம்மாவிடம் ஒரு போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக் இருந்தது. "அதுல போட்டா எப்ப வளர்றது"ன்னு அப்பா கேலி பண்ணின புக். என் காலேஜ் முதல் வருஷ ஃபீஸ் அதிலிருந்து வந்தது. அப்பா அதுக்கப்புறம் வட்டி பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் படித்து முடித்தபோது என் நாலாயிரத்தின் மர்மம் விளங்கியது. குறைப்பதை மட்டும் செய்தேன், பெட்டி வைக்கவில்லை. இப்போது சம்பளம் வந்த இரண்டாம் நாள் தெருமுனை அஞ்சலகத்தில் ஆர்.டி. கட்டுகிறேன், மாசம் 2000. மீதி 2000 வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாத்தையும் இறுக்கிப் பிடித்தால் மூணாவது மாசமே நான் ஓடிப்போவேன் என்று எனக்குத் தெரியும். கவுண்டருக்கு நேரில்தான் போகிறேன். வரிசையில் நிற்பது எரிச்சல்தான், ஆனால் அந்த எரிச்சல்தான் என் பூட்டு.

போன மாசம் ஊருக்குப் போனதில் ஒரு தவணை தவறிவிட்டது. "நூத்துக்கு ஒரு ரூபா ஃபைன் சார், இருபது ரூபா சேர்த்துக் குடுங்க" என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. நான் சிரித்ததைப் பார்த்து, "எதுக்கு சார் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். பின்னால் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டங்கன் கதையை அங்கே எப்படிச் சொல்வது? சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.