கவர்னர் போட்ட கையெழுத்து

குடியிருப்பு நண்பர்களே, நாம் மேலூர் போகும் வழியில் தும்பைப்பட்டி வருகிறதல்லவா? அவ்வூர் கக்கன் உள்ளிட்ட சிலரை 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அன்றைய சட்டப்படி அவர்கள் மீது வழக்குப் போட இடமிருந்தது. பிரதமர் ராஜாஜி (மாகாண முதல்வருக்கு அப்போது அதுதான் பெயர்) சட்டசபை கூடும்வரை காத்திருக்கவில்லை. 1935ஆம் வருடச் சட்டம், சபை கூடாத சமயத்தில் அவசரச் சட்டம் போடும் அதிகாரத்தைக் கவர்னருக்குத் தந்திருந்தது. மந்திரிசபை கேட்டது, எர்ஸ்கின் பிரபு கையெழுத்துப் போட்டார். சபை அதைப் பிறகு முறையான சட்டமாக நிறைவேற்றியது. வங்கியில் நான் எழுதிய வவுச்சரை ஆபீசர் பாஸ் பண்ணுவாரே, அது போலத்தான்.

ஆனால் பெட்டகச் சாவி வெள்ளைக்காரரிடம்தான் இருந்தது. நம்மைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கினார்கள். அந்த அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1946 வரை கவர்னர் ஆட்சிதான்.