பனிச்சரிவை அறிந்த வரலாறு

2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள். சியாச்சின் பனிமலையில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் காவல் புரிந்த படைவீரர் பதின்மர் பனிச்சரிவில் புதையுண்டனர். தமிழ்நாட்டு இளைஞர்களும் அவர்களுள் இருந்தனர். ஆறு நாட்களுக்குப் பின் ஒருவர் உயிருடன் மீட்கப்பெற்றார். 11ஆம் நாள் அவரும் மறைந்தார்.

வெயிலிலே பிறந்து வெயிலிலே வளர்ந்த எனக்கு அச்செய்தி ஒரு வினாவை எழுப்பிற்று. தும்பைப் பூவினும் மெல்லியதாய் வீழும் வெண்பனி கொல்லும் படையாக மாறுவது எங்ஙனம்? அதனை முன்னரே அறிய வழி உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் பல நூற்றாண்டுகள் உழைத்தவர்கள் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைமக்கள். அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

ஸ்விட்சர்லாந்து நாட்டில் ஆண்டர்மட் என்றோர் ஊர் உளது. ஊருக்கு மேலுள்ள சரிவில் நிற்கும் காட்டை எவரும் வெட்டலாகாது என்று 1397ஆம் ஆண்டிலேயே அங்கு ஆணை எழுதப்பெற்றது. கடுங்குளிர் நாட்டில் விறகு உயிருக்கு நிகரன்றோ? எனினும், அக்குளிரினும் கொடியது பனிச்சரிவு என்பதை அம்மக்கள் பட்டறிந்திருந்தனர். சரிவிலே செறிந்து நிற்கும் மரங்கள் பனியைப் பற்றி நிறுத்துகின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை.

காப்பு முறை தெரிந்தது, காரணம் தெரியவில்லை. 1936ஆம் ஆண்டில் டாவோஸ் நகருக்கு மேலே, 2,600 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், ஒரு சிறு மரக்குடிலில் அறிஞர் சிலர் ஆராய்ச்சி தொடங்கினர். பனியை வெட்டி, அடுக்கடுக்காக ஆய்ந்தனர். அவர்கள் கண்டது இது: விழுந்த பனி விழுந்தவாறே கிடப்பதில்லை. தரையை ஒட்டிய பனி சற்று வெம்மையாகவும், மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருப்பின், உள்ளிருந்து நீராவி மேலெழுகிறது. அதனால் அடியிலுள்ள பனித்துகள்கள் சர்க்கரை மணிகளைப்போல் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்கின்றன. அத்தளர்ந்த அடுக்கின்மீது புதுப்பனி பொழிந்து, காற்றினால் இறுகிப் பலகையாகிவிட்டால், அப்பலகை வழுக்கி விழக் காத்திருக்கிறது. 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளிலேயே இது மிகுதி. ஒரு மனிதனின் காலடியே அதனை அறுத்துவிடப் போதும்!

1945 முதல் அந்நிலையம் எச்சரிக்கை அறிக்கைகளை வெளியிடலாயிற்று. ஆயினும் 1950-51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவுகளால் மாண்டனர்; ஆண்டர்மட்டில் மட்டும் 13 பேர். அத்துயரத்திற்குப் பின் மலைச்சரிவுகளில் தடுப்பு வேலிகள் பெருகின. வீடு கட்டலாகாத இடங்களை வரையறுத்த வரைபடங்கள் எழுந்தன. 1999இல் மீண்டும் பெரும்பனி பொழிந்தபோது, மலைநாட்டில் மக்கள் வரவு பெரிதும் மிகுந்திருந்தும், அந்நாட்டில் இறந்தோர் 17 பேரே.

அறிவு வென்றுவிட்டது என்று நாம் முடிவு கட்டலாமா? அதே பிப்ரவரி 23ஆம் நாள், அண்டை நாடான ஆஸ்திரியாவின் கால்ட்டூர் ஊரில் 31 பேர் பனிக்குப் பலியாயினர். பாதுகாப்பானது என வரைபடம் குறித்த பகுதியிலும் பனி புகுந்தது. மனிதன் வரைந்த எல்லையை மலை அறியாது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை இமயமலை ஏறக்கூடும். சிலர் படையிற்சேர்ந்து அங்கே காவல் நிற்கவும் கூடும். புதுப்பனி பொழிந்த மறுநாள் வானம் தெளிந்து, சரிவு அழகாய்த் தோன்றும். அன்றுதான் அஞ்ச வேண்டும். புதையுண்டவரை முதற் கால் மணி நேரத்திற்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர்; அதன்பின் நம்பிக்கை விரைந்து தேய்கிறது. எனவே தனியே செல்லாதீர்கள். எச்சரிக்கையைக் கேளாமற் செல்லாதீர்கள். விறகுக்கு ஏங்கிய குளிரிலும் கோடரியைக் கீழே வைத்த அம்மலைமக்களின் அடக்கம் நமக்கும் வேண்டும்.