குரு இல்லாத இருநூறு ஆண்டுகள்



1614இல் ஜப்பானிய அரசு கிறிஸ்தவ மறையைத் தடைசெய்தது. மறைந்திருந்து பணியாற்றிய குருக்களும் சில பத்தாண்டுகளில் இல்லாமற்போயினர். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே திருப்பலி இல்லை. ஆனால் திருச்சபை அழியவில்லை. நாகசாகியை அடுத்த உரகாமி ஊரில் ஒருவர் திருநாள்களைக் கணித்துச் சொன்னார். ஒருவர் திருமுழுக்குக் கொடுத்தார். பெற்றோர் பிள்ளைகளுக்குச் செபங்களைக் கற்றுக்கொடுத்தனர்.

1865 மார்ச் 17 அன்று அவர்களுள் சிலர் ஓவுரா ஆலயத்தில் அருள்பணி பெத்திஜானிடம் தங்கள் விசுவாசத்தை வெளிப்படுத்தினர். குருவின்றி விசுவாசத்தைக் காத்தவர்கள், குரு வேண்டாம் என்று சொல்லவில்லை, தேடி வந்தார்கள்.

பொதுநிலையினரின் பொறுப்பு குருக்கள் தரும் சலுகை அல்ல, திருமுழுக்கிலேயே பெறுவது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. உரகாமி மக்கள் அதை முன்பே வாழ்ந்து காட்டினர்.

நாளை நம் பங்கில் குரு இல்லாவிட்டால், நம் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித்தர நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?