பவர் ஸ்டீயரிங் எண்ணெயின் கதை: திமிங்கலம் முதல் காவிரி டெல்டா வரை

முன்னுரை

கார் வைத்திருப்பவர்கள் என்ஜின் ஆயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பெட்ரோல் விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பானெட்டைத் திறந்தால் ஓரமாக ஒரு சின்ன டப்பா இருக்கும். அதன் மூடியில் ஸ்டீயரிங் சக்கரத்தின் படம் போட்டிருக்கும். அதற்குள் இருக்கும் எண்ணெயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டறையில் கேட்டால், "சிவப்பு ஆயில் ஊத்தினா போதும், எல்லாம் ஒண்ணுதான்" என்ற பதில்தான் அதிகம் கிடைக்கும்.

எல்லாம் ஒன்றுதானா? இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்பதற்கு கிட்டத்தட்ட நூறு வருட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு அமெரிக்கப் பொறியாளர், ஒரு உலகப்போர், கடலில் செத்துப்போன திமிங்கலங்கள், நம்ம ஊர்ப் பக்கத்து விராலிமலை எல்லாம் வருகின்றன.

தோள் வலுவின் காலம்

பவர் ஸ்டீயரிங் வருவதற்கு முன்னால் வண்டியைத் திருப்புவது ஓட்டுநரின் தோளும் முதுகும்தான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். டெல்டாவில் நேரான சாலைகள் குறைவு. ஆறு போகும் போக்கில் கரை போகும், கரை போகும் போக்கில் சாலை போகும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று சில மைலுக்கு ஒரு பாலம். பழைய பாலங்கள் குறுகலானவை. பல இடங்களில் பாலத்தில் ஏறும்போது ஒரு வளைவு, இறங்கும்போது இன்னொரு வளைவு.

இதில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பாரம் ஏற ஏற முன் சக்கரம் தரையை அழுத்தும். அழுத்தம் கூடக் கூட ஸ்டீயரிங் கனக்கும். வண்டி ஓடும்போதாவது பரவாயில்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் நின்ற இடத்திலேயே திருப்ப வேண்டும் என்றால் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து நின்று இழுக்க வேண்டும். அந்தக் காலத்து பஸ், லாரிகளின் ஸ்டீயரிங் சக்கரம் அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணமும் இதுதான். சக்கரம் பெரிதானால் நெம்புகோல் நீளும், கைக்குக் கொஞ்சம் சுலபம். அதற்கு விலையாக, ஒரு திருப்பத்துக்குக் கை கூடுதல் தூரம் சுற்ற வேண்டும்.

பிரான்சிஸ் டேவிஸ்

இதே கஷ்டத்தை 1920களில் அமெரிக்காவில் ஒருவர் கவனித்தார். அவர் பெயர் பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ் ஆரோ என்ற நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர். கனமான லாரிகளை ஓட்டுகிறவர்கள் படும் பாட்டை அருகில் இருந்து பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1926ல் ஒரு பியர்ஸ் ஆரோ காரில் தன் பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்தி, டெட்ராய்ட் வரை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

எண்ணெய் அழுத்தத்தால் வேலை வாங்குவது அப்போது புதிய விஷயம் கிடையாது. போர்க்கப்பல்களின் பீரங்கிகளைத் தூக்க ஏற்கனவே எண்ணெய் இயந்திரங்கள் இருந்தன. டேவிஸ் செய்த புதுமை அதன் வால்வில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு.

ஆற்றின் குறுக்கே உள்ள ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஷட்டரும் திறந்திருந்தால் தண்ணீர் நேராகப் போய்க்கொண்டே இருக்கும், எங்கும் தேங்காது. ஷட்டரை இறக்கினால் தண்ணீர் தேங்கி மட்டம் ஏறும். மட்டம் ஏறினால் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் பாயும். டேவிஸின் வால்வும் அப்படித்தான். நேராக ஓட்டும்போது எண்ணெய் பம்பிலிருந்து கிளம்பி, வால்வு வழியாகச் சும்மா சுற்றிவிட்டு டப்பாவுக்குத் திரும்பிவிடும். ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பினால் வால்வு ஒரு பக்கத்தை அடைக்கும். அழுத்தம் ஏறி, எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து சக்கரத்தைத் தள்ளும். கையை விட்டால் பழையபடி எண்ணெய் சும்மா சுற்றும். இதனால் பம்புக்கு எப்போதும் பாரம் இல்லை. தேவைப்படும் நேரத்தில் மட்டும்தான் அழுத்தம்.

ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் ஆர்வம் காட்டியது. ஆனால் பொருளாதார மந்தம் வந்தது. விற்கப்போகும் சில கார்களுக்காக இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்று 1934ல் ஒப்பந்தத்தை விட்டுவிட்டது. டேவிஸ் 1936ல் பெண்டிக்ஸ் நிறுவனத்திடம் போனார். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. கவச வண்டிகள் இரும்பு கனம். அவற்றைத் திருப்ப கைவலு போதவில்லை. ஆயிரக்கணக்கான ராணுவ வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் ஏறியது. கார் கம்பெனிகள் வேண்டாம் என்றதைப் போர் நிரூபித்துக் காட்டியது!

1951ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. அதில் பயன்பட்டவற்றில் டேவிஸின் காலாவதியான காப்புரிமைகளும் அடக்கம். அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸும் தன் கார்களில் கொடுத்தது. முதல் காட்சிக்கும் விற்பனைக்கும் இடையே 25 வருடம் ஓடிவிட்டது.

திமிங்கலம் எப்படி உள்ளே வந்தது?

இனி எண்ணெய்க்கு வருவோம். 1949ல் ஜெனரல் மோட்டார்ஸ், தானியங்கி கியர்பாக்ஸுக்காக "டைப் ஏ" என்ற எண்ணெய்த் தரத்தை வெளியிட்டது. ஏ.டி.எஃப். என்று இன்று அழைக்கப்படும் குடும்பத்தின் மூத்த பிள்ளை இது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் அதிராமல், வழுக்கிக்கொண்டே மெதுவாகப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு சேர்மானம் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் அதற்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் எடுக்கப்பட்ட எண்ணெய். அதிக சூட்டிலும் கெடாது, உலோகத்தில் நன்றாக ஒட்டும்.

பவர் ஸ்டீயரிங் பரவியபோது பல கம்பெனிகள் அதற்கும் இதே எண்ணெயை ஊற்றச் சொன்னன. காரணம் எளிது. அது ஏற்கனவே எல்லாப் பட்டறையிலும் இருந்தது. இங்கேதான் வரலாற்றின் வேடிக்கை. ஸ்டீயரிங்கில் கிளட்ச் தட்டே கிடையாது! தட்டுக்காகச் சேர்த்த அந்தத் திமிங்கல எண்ணெயால் ஸ்டீயரிங்குக்கு எந்தத் தேவையும் இல்லை. பட்டறை அலமாரியில் இருந்த ஒரே காரணத்தால் அது உள்ளே வந்தது.

சிவப்பு நிறமும் இந்தக் குடும்பத்தின் வழியாக வந்ததுதான். என்ஜின் ஆயிலா, கியர்பாக்ஸ் எண்ணெயா, எது கசிகிறது என்று பார்த்தவுடன் தெரிவதற்காகக் கலந்த சாயம் அது. சாயம் எண்ணெயின் தரத்தைச் சொல்லாது.

1970ல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. 1973ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் செயற்கைச் சேர்மானங்களைத் தேட வேண்டியதாயிற்று. டைப் ஏ-வுக்குப் பிறகு 1960களின் கடைசியில் வந்த டெக்ஸ்ரான், 1973ல் டெக்ஸ்ரான்-2 ஆனது. பிறகு டெக்ஸ்ரான்-3 வந்தது. 2005ல் வந்த டெக்ஸ்ரான்-6 முந்தையதை விடக் கொஞ்சம் நீர்த்த எண்ணெய். டெக்ஸ்ரான்-3க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் அதன் பிறகு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கடையில் "டெக்ஸ்ரான்-3 வகை" என்று எழுதி விற்கும் பாட்டிலின் தரத்துக்கு, அதைத் தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு.

விராலிமலைக்கு வந்த கதை

இந்தியாவில் அம்பாசடர், பத்மினி காலத்தில் சாதாரணக் கார்க்காரர்களுக்கு பவர் ஸ்டீயரிங் ஒரு கனவு. 1929ல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம், 1987ல் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்துடன் சேர்ந்து ரானே பவர் ஸ்டீயரிங் என்ற கம்பெனியைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை விராலிமலையில் அமைந்தது. முருகனுக்குச் சுருட்டு படைக்கும் அதே விராலிமலைதான்! திருச்சி - மதுரை சாலையில், டெல்டாவின் மேற்கு வாசலுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. லாரி, பஸ்களுக்கான ஸ்டீயரிங் பெட்டிகள் அங்கே தயாராயின. நின்றுகொண்டு ஸ்டீயரிங்கை இழுத்த ஓட்டுநர்களின் தோளுக்கு விடுதலை பக்கத்து ஊரிலிருந்தே வந்தது.

1991க்குப் பிறகு கதவு திறந்தது. சியெலோ, எஸ்கார்ட், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஆக்சென்ட், ஸ்கோடா ஆக்டேவியா என்று கார்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் தன் தாய்நாட்டு எண்ணெய் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. அமெரிக்க வழிவந்தவை பெரும்பாலும் சிவப்பு ஏ.டி.எஃப். ஹோண்டா தன் சொந்த எண்ணெயை மட்டுமே ஊற்றச் சொல்கிறது. ஹூண்டாய் பல மாடல்களுக்கு பி.எஸ்.எஃப்-3 என்கிறது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வழியில் வருவது பச்சை நிற ஹைட்ராலிக் எண்ணெய். "எல்லாம் ஒண்ணுதான்" என்ற பழக்கம் ஒரே ஒரு எண்ணெய் இருந்த காலத்தில் பிறந்தது. அந்தக் காலம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் டப்பா மூடியைப் படிக்க வேண்டும். பிறகு வண்டியின் கையேடு. இந்த இரண்டிலும் உள்ள தரக்குறியீடுதான் முக்கியம், பாட்டிலின் நிறமோ பிராண்டோ அதற்குப் பிறகுதான். ஏன் இவ்வளவு கண்டிப்பு? உள்ளே இருப்பவை ரப்பர் சீல்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் சீலுக்கு ஏற்ற எண்ணெயைத்தான் சோதித்துப் பார்த்திருக்கிறது. பொருந்தாத எண்ணெய் பட்டால் சீல் சுருங்கலாம் அல்லது ஊதலாம். அது ஒரே நாளில் தெரியாது. சில மாதம் கழித்து ரேக்கில் கசிவாக வரும். சில நூறு ரூபாய் எண்ணெயில் மிச்சம் பிடித்தவர், ரேக்கையே மாற்றப் பல ஆயிரம் கொடுப்பார்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலை இந்த டப்பாவில் ஊற்றக் கூடாது. அது முற்றிலும் வேறு வேதிப்பொருள், ஸ்டீயரிங் சீல்களைக் கெடுத்துவிடும். ஸ்டீயரிங் எண்ணெயை பிரேக் டப்பாவில் ஊற்றினால் அதைவிட ஆபத்து. பிரேக் சீல் ஊதிப்போய் பிரேக்கே பிடிக்காமல் போகலாம்.

மாற்றுவது எப்படி?

எண்ணெய் கருத்துப்போயிருந்தால், கருகிய வாடை வந்தால், திருப்பும்போது பம்ப் முனகினால் மாற்ற வேண்டிய நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் மூடியைத் திறந்து பார்க்கவும். எண்ணெய் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. தள்ளிப்போடாமல் மாற்றிவிட வேண்டும்.

வழி இதுதான். முன் சக்கரங்களை ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே உறுதியான தாங்கி வைக்க வேண்டும். டப்பாவில் உள்ள பழையதைப் பெரிய ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவின் திறந்த வாயை அடைக்க வேண்டும். என்ஜின் அணைந்திருக்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்ப, இன்னொருவர் புது எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா காலியாகக் கூடாது, காற்று புகுந்துவிடும். வருவது சுத்தமாக வந்ததும் குழாயை மாட்டி, என்ஜினைப் போட்டு மெதுவாகப் பல முறை திருப்பினால் மிச்சக் காற்று நுரையாக வெளியேறும். கடைசி முனையில் ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. அங்கே எண்ணெய்க்குப் போக வழி இல்லை, பம்ப் சூடாகிக் கெடும். நுரை அடங்கிய பிறகு அளவு பார்த்து, குறித்த கோடு வரை ஊற்றினால் முடிந்தது.

பழைய எண்ணெய் எங்கே போகிறது?

பாட்டிலில் பிடித்த அந்தக் கருப்பு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. மற்ற ஊரில் அது சாக்கடையோடு போகலாம். டெல்டாவில் சாக்கடை வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் வயலுக்குப் போகும். ஒரு லிட்டர் எண்ணெய் தண்ணீர்மேல் எவ்வளவு தூரம் படலமாகப் படரும் என்பதை மழைநாளில் பட்டறை வாசலில் பார்க்கலாம். மேட்டூர் திறப்பதற்கு ஜூன் 12ஐ எண்ணிக்கொண்டு காத்திருக்கும் ஊரில், வந்த தண்ணீரில் இதைக் கலப்பது என்ன நியாயம்? 2016ன் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டிய பொருள். மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, சேகரிக்க வருபவரிடம் கொடுக்கலாம்.

முடிவுரை

1988ல் ஜப்பானில் சுசுகி தன் செர்வோ காரில் மின்மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. அதற்கு எண்ணெயே வேண்டாம். இன்று இந்தியாவில் வரும் புதிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். டேவிஸின் வால்வு கார்களிலிருந்து மெல்ல விடைபெறுகிறது. ஆனால் லாரி, பஸ், டிராக்டர் என்று பாரம் இழுக்கும் வண்டிகளில் எண்ணெய்தான் இன்னும் தள்ளுகிறது. பழைய கார்களும் டெல்டா சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தட்டே இல்லாத ஸ்டீயரிங்குக்குள் திமிங்கல எண்ணெய் போனதற்கு ஒரே காரணம், கையில் கிடைத்ததை ஊற்றியதுதான். அடுத்த முறை யாராவது "சிவப்பு ஆயில் எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால், ஊற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் மூடியைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.