சேப்பாக்கத்தில் விழுந்த காலணி

கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய காவிரி நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்து 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பங்கீட்டை நடைமுறைப்படுத்தும் திட்டத்தை ஆறு வாரங்களில் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. மார்ச் 29-இல் கெடு முடிந்தும் திட்டம் வராததால் மாநிலமெங்கும் மறியலும் முழு அடைப்பும் நடந்துகொண்டிருக்கையில், ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் நடைபெற இருந்தது.

இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் சென்னை சூப்பர் கிங்ஸ் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டம் அது. ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 16,347.5 கோடி ரூபாய்க்கு விலைபோயிருந்த அத்தொடரில், நேரமும் இடமும் முன்பே குறிக்கப்பட்டு ஒளிப்பதிவுக் கருவிகளும் செய்தியாளர்களும் குவிந்திருந்ததால், போராட்டக்காரர்கள் ஊடகங்களைத் தேடிச் செல்லும் தேவை எழவில்லை. அண்ணா சாலை மறிக்கப்பட்டது. மஞ்சள் சட்டை அணிந்த ரசிகர்கள் சிலர் தாக்கப்பட்டதோ போராட்டத்தின் நியாயத்தைக் குலைக்கவே செய்தது. கடுங்காவலையும் மீறி, அரங்கினுள் எல்லைக்கோட்டருகே நின்ற சென்னை வீரர் ரவீந்திர ஜடேஜாவை நோக்கிக் காலணி வீசப்பட்டது. மறுநாளே எஞ்சிய சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட, காவிரிப் பாசனத்துக்கு வெளியே உள்ள கிரிக்கெட் ரசிகர்களும் காவிரியைப் பற்றிப் பேச நேர்ந்தது.

இவ்வுத்தி தமிழர்க்குப் புதிதன்று. 1975 உலகக் கோப்பையில் இலங்கையும் ஆஸ்திரேலியாவும் லண்டன் ஓவல் மைதானத்தில் மோதியபோதே ஈழத்தமிழர் ஆடுகளத்தினுள் புகுந்து போராடினர். ஆயினும் அந்த ஆட்டம் இன்றும் பேசப்படுவது, ஆஸ்திரேலியாவின் ஜெஃப் தாம்சனின் பந்துகளில் அடிபட்டு இரு இலங்கை மட்டையாளர்கள் மருத்துவமனைக்குச் சென்றதற்காகவே. 2013 ஜூன் 20 அன்று கார்டிஃபில் நடந்த சாம்பியன்ஸ் டிராபி இந்திய-இலங்கை அரையிறுதியிலும் அவ்வாறே தமிழர்கள் களம் புகுந்தனர். அத்துமீறுவோரைக் காட்டாமல் ஒளிப்பதிவுக் கருவியைத் திருப்பிக்கொள்வது நேரலை ஒளிபரப்பாளர்களின் வழக்கம் என்பதால், இத்தகைய போராட்டத்துக்குக் கவனத்தைத் தேடித் தருவது ஆட்டத்தின் நேரலை அன்று, ஆட்டம் தடைபட்டது என்ற செய்தியே. அச்செய்தியில் தடை முன்னே வர, கோரிக்கை பின்னே தள்ளப்படுகிறது. சேப்பாக்கத்திலும் யார் வீசியது, ஆட்டங்கள் எங்கே போகும் என்ற கேள்விகளே முந்திக்கொண்டன.

காவிரி மேலாண்மை ஆணையத்துக்கான வரைவுத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் மே 18-இல் ஏற்க, ஜூன் 1-இல் ஆணையம் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னரே சென்னை அணி மும்பையில் கோப்பையை வென்றிருந்தது.