செம்பியம் டிராக்டர், ஆவடி டாங்கி: ஒரு ஹெச்.பி. கணக்கு

செம்பியத்துக்கும் ஆவடிக்கும் நடுவே 15 கிலோமீட்டர் போல இருக்கும். நடுவில் பாடி, கொரட்டூர், அம்பத்தூர். 1960-களில், சில வருஷ இடைவெளியில், இந்தப் பட்டையின் ஒரு முனையில் டிராக்டரும் மறு முனையில் டாங்கியும் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் பேசுவதில்லை. டிராக்டர் விவசாயத்துறைக் கதை, டாங்கி ராணுவக் கதை. ஆனால் பவருக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு புரியணும்னா இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதுதான் நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் நடந்தது. "சோஷலிச பாணி சமுதாயம்" என்ற தீர்மானம் நிறைவேறியது இங்கேதான். (ஆவடி என்ற பெயரே ராணுவக் கிடங்கின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். நான் நம்புவதில்லை.) வெளிநாட்டு இயந்திரங்களை வாங்கிக்கொண்டே இருக்க முடியாது, இங்கேயே செய்யணும் என்ற கொள்கையின் விளைவுதான் பிறகு இந்தப் பட்டை முழுக்க எழுந்த தொழிற்சாலைகள். 1961-ல் பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம். 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது.

செம்பியத்தில் கதை வேறு மாதிரி. 1840-ல் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி, 1950-களில் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின்களைச் செய்துகொண்டிருந்தது. பெர்க்கின்ஸ் என்பது இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932-ல் ஆரம்பித்த கம்பெனி. அதுவரை டீசல் என்ஜின் என்றாலே கனமானது, மெதுவாகச் சுற்றுவது. வேகமாகச் சுற்றும், எடை குறைந்த டீசல் என்ஜினை லாரிக்கும் டிராக்டருக்கும் கொண்டுவந்ததில் பெர்க்கின்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1959-ல் அந்த பெர்க்கின்ஸை மாஸே பெர்குசன் என்ற டிராக்டர் கம்பெனி வாங்கிவிட்டது. சிம்ப்சன் இருந்த அமால்கமேஷன்ஸ் குழுமமே மாஸே பெர்குசனோடு சேர்ந்து டாஃபேயைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். 1961-ல் செம்பியத்தில் டிராக்டர் உற்பத்தி ஆரம்பம். 1961-62-ல் இந்தியா முழுக்கத் தயாரான டிராக்டர்கள் மொத்தம் 880. இன்று ஆண்டுக்குப் பல லட்சம்.

இரண்டு முனைக்கும் நடுவில் இருந்தவர்களையும் சொல்லணும். பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூரில் டன்லப் டயர். ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ். ரிம், ஸ்டார்டர், பிரேக், டயர், குழாய் எல்லாமே ஒரு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் கிடைத்தன. அந்த சைக்கிளும் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸில் செய்ததாகவே இருந்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். விஜயந்தா சுமார் 39 டன், என்ஜின் 535 ஹெச்.பி. ஒரு டன்னுக்கு 14 ஹெச்.பி.க்குக் கொஞ்சம் கம்மி. வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். பிறகு ஆவடியில் தயாரான அஜெயா, அதாவது டி-72, 41 டன்னும் 780 ஹெச்.பி.யும். டன்னுக்கு 19. இப்போது அந்தக் கால மாஸே பெர்குசன் 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டர், இரண்டரை லிட்டர் பெர்க்கின்ஸ் என்ஜின், 37 ஹெச்.பி. அளவு. எடை சுமார் ஒன்றரை டன். டன்னுக்கு 24 ஹெச்.பி. எடைக்குத் தகுந்த பவர் என்று பார்த்தால் ரெண்டு டாங்கியையும் டிராக்டர் ஜெயித்துவிடுகிறது! ஆனால் வயலில் அது மணிக்கு 5 கிலோமீட்டர்தான் போகும். மனுஷன் நடக்கிற வேகம்.

சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மிச்ச பவரெல்லாம் எங்க மாமா போகுது?" என்றான். சரியான கேள்வி. எங்கேயும் போகவில்லை, இழுப்பாக மாறுகிறது.

பவர் என்பது இழுப்பையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 75 கிலோ இழுப்போடு வினாடிக்கு ஒரு மீட்டர் போனால் ஏறக்குறைய ஒரு ஹெச்.பி. ஒரு ஜோடி உழவு மாடு 80, 90 கிலோ இழுப்போடு மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நடக்கும். கணக்குப் போட்டால் ஒரு ஹெச்.பி.க்குக் கொஞ்சம் கீழே. 37 ஹெச்.பி. டிராக்டரில் கியர், டயர், மண் எல்லாம் தின்றதுபோக 60 சதவீதம், சுமார் 22 ஹெச்.பி., கலப்பை வரைக்கும் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டர் வேகத்தில் அது 1,200 கிலோ இழுப்பு. அதே பவர், 25 கிலோமீட்டர் வேகத்தில் 240 கிலோ இழுப்புதான். டிரைவர் கியரை மாற்றும்போது இதைத்தான் மாற்றுகிறார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, விளம்பரங்களில் வராத சிக்கல். ஒன்றரை டன் எடையுள்ள வண்டி உழுத மண்ணில் 1,200 கிலோ இழுக்க முடியாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இளகிய மண்ணில் பின்சக்கரத்து மேல் இருக்கும் எடையில் பாதிக்குப் பக்கமாகத்தான் இழுப்பாக மாறும். ஆகவே டிராக்டருக்கு ஹெச்.பி.யைப் போலவே எடையும் முக்கியம். எடையைக் கூட்டினால் மண் இறுகும், டீசல் கூடும், குறைத்தால் வழுக்கும்.

ஹாரி பெர்குசன் பெரிய ஆளாக ஆனது இந்த இடத்தில்தான். அயர்லாந்துக்காரர். கலப்பையைப் பின்னால் சங்கிலி போட்டு இழுக்காமல், மூன்று கம்பிகளால் டிராக்டரோடு இணைத்து, ஹைட்ராலிக்கில் தூக்கிப் பிடிக்க வைத்தார். மண் கலப்பையை எவ்வளவு பிடித்து இழுக்கிறதோ அவ்வளவு பாரம் பின்சக்கரத்தின் மேல் இறங்கும். இழுப்பு ரொம்பக் கூடினால் ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அதாவது எடையைச் சுமந்துகொண்டு திரியாமல், தேவைப்படும்போது மண்ணிடமிருந்தே கடன் வாங்குவது. இவ்வளவு சின்ன வண்டி பெரிய வேலை செய்தது அதனால்தான். இன்று உலகத்தில் பெரும்பாலான டிராக்டர்களின் பின்பக்கத்தைப் பார்த்தால் அந்த மூன்று கம்பி இருக்கும். நம்ம ஊர் டிரைவர்கள் பின்டயரில் தண்ணீர் நிரப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

டாங்கிக்கு இந்தக் கவலை வேறு ரூபத்தில் வந்தது. முதல் டாங்கிகளைச் செய்தவர்களே இங்கிலாந்தின் லிங்கன் ஊரில் இருந்த ஃபாஸ்டர் என்ற விவசாய இயந்திரக் கம்பெனிக்காரர்கள்தான். 1916 செப்டம்பரில் போருக்குப் போன அந்த மார்க் 1, 28 டன் எடையும் 105 ஹெச்.பி. என்ஜினும் கொண்டது. டன்னுக்கு 4 ஹெச்.பி.கூட இல்லை. நல்ல தரையில் மணிக்கு 6 கிலோமீட்டர். உழவு வேகம்! சேறும் பள்ளமும் தாண்டணும் என்பதுதான் அன்றைக்குத் தேவை, வேகம் இல்லை. பிறகு வந்த ஐம்பது வருஷத்தில் டாங்கி வேகத்தின் பக்கம் போய்விட்டது. டிராக்டர் வயலிலேயே நின்றது.

நம்ம பக்கத்து நெல் வயலுக்கு வருகிறேன். சேடை ஓட்டும்போது ரப்பர் டயர் மட்டும் போதாது, இரும்பு கேஜ் வீல் மாட்டணும். தண்ணீர் நின்ற சேற்றில் இழுப்பு கிடைப்பது கஷ்டம். அங்கே வேலையை மாற்றியது ரோட்டவேட்டர். அதன் கத்தி டிராக்டர் இழுப்பதால் சுற்றவில்லை, பின்பக்கத்து பி.டி.ஓ. தண்டு என்ஜின் பவரை நேராகக் கத்திக்குக் கொண்டுபோகிறது. கத்தி மண்ணை வெட்டும்போது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கூட விடும். சக்கரம் வழுக்குகிற பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. எடை கூட்டாமலேயே பெரிய என்ஜினைப் பயன்படுத்தலாம் என்று ஆனது. 35 ஹெச்.பி. போதும் என்றிருந்த விவசாயி 45, 50 கேட்க ஆரம்பித்ததற்கு கௌரவம் மட்டும் காரணமில்லை. ரோட்டவேட்டரும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இன்னொரு காரணம் ரோடு. மேலே சொன்ன 240 கிலோ இழுப்பு, தார் ரோட்டில் ஐந்து டன் டிரெய்லரை 25 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகத் தாராளமாகப் போதும். உழவு வருஷத்தில் சில வாரம், செங்கல், மணல், தண்ணீர் வருஷம் முழுக்க. அதனால் வாங்கும்போதே "டாப்பில் எவ்வளவு ஓடும்" என்று கேட்கிறார்கள். இதுதான் எனக்கு பயமாக இருக்கும் இடம். டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது, டயர்தான் ஸ்பிரிங். வயலில் முனையில் திரும்ப வசதியாக இடது வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதி. ரோட்டில் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்காமல் ஓட்டினால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். பின்னால் வரும் டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்கு. 25 கிலோமீட்டருக்கு யோசித்துச் செய்த வண்டியை 40-ல் ஓட்ட என்ஜின் தயார்தான், மற்ற எதுவும் தயாராக இல்லை.

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி எல்லாம் பாசனத்துக்கு இருந்தவை. அவற்றின் ஆயக்கட்டு இன்று தெருப்பெயர்களாகவும் பிளாட் நம்பர்களாகவும் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. டிராக்டர் பாகம் செய்யும் தொழிற்சாலைகள் வளர வளர, அந்த டிராக்டர் இறங்குவதற்கான வயல் பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசையைத் தாண்டி மேற்கே நகர்ந்துகொண்டே போனது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், புழல் நான்கும் வறண்டபோது, புறநகர் வயல் கிணறுகளின் தண்ணீருக்கு நெல்லைவிட நல்ல விலை கிடைத்தது. டேங்கர் லாரிகளோடு டேங்கர் கட்டிய டிராக்டர்களும் ஓடின. பாதி நிரம்பிய தண்ணீர் டேங்க், பிரேக் போடும்போது முன்னும் பின்னும் அலையடித்து வண்டியையே தள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூந்தமல்லி பைபாஸ் பக்கம் அப்படி டேங்கர் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் பேசினேன். பழைய மாஸே வண்டி, சிவப்பு சாயம் வெளுத்துப்போயிருந்தது. கடைசியா எப்பங்க வயல்ல இறக்கினீங்க என்று கேட்டேன்.

"அது ஆச்சுங்க ஏழு வருஷம். கேஜ் வீல் ரெண்டும் வூட்டுக்குப் பின்னாடி கெடக்குது, கோழி அடையுது அதுல. ஹைட்ராலிக் மட்டும் அப்பப்ப தூக்கி எறக்கிப் பாப்பேன். இன்னும் நல்லாத்தான் தூக்குது."