காங்கா லீகும் கடைப்பிரிவுக் கழகங்களும்

பிற ஊர்களில் மழை கண்டால் கிரிக்கெட் மட்டைகள் பரணில் ஏறும். நம் மும்பை மாநகரிலோ ஆனி மாதத்து மழை வலுத்த பின்னரே அவை பரணினின்று இறங்கும். இவ்விந்தைக்குக் காரணம், 1948-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டாக்டர் எச். டி. காங்கா நினைவு லீக் பந்தயம். அதன் முதற்பிரிவில் ஆடிய பெருமக்களைப் பற்றி எழுதியோர் பலர். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்க்கு நெருக்கமானவை அதன் கீழ்ப்பிரிவுகளே. ஆதலின், அவற்றைப் பற்றியே ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம்.

இந்நாட்டவருள் இவ்வாட்டத்தை முதன்முதற் கைக்கொண்டவர் பம்பாய்ப் பார்சிகள். அவர்களது ஓரியண்டல் கழகம் 1848-ல் தோன்றியது. பின்னர் 1912-ல் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எனும் நான்கு கோஷ்டிகள் மோதும் நாற்கோணப் பந்தயம் பிறந்தது. 1937-ல் 'ஏனையோர்' என ஐந்தாவது கோஷ்டியும் சேர்ந்தது. எவ்வகுப்பிற் பிறந்தான் என்பதே ஒருவன் எக்கோஷ்டியில் ஆடுவான் என்பதை முடிவு செய்தது. காந்தியடிகள் 1940-ல் இம்முறையைத் தாம் விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். 1946-ஆம் ஆண்டோடு அப்பந்தயம் முற்றுப் பெற்றது. இரண்டே ஆண்டுகளில் காங்கா லீக் எழுந்தது.

காங்கா ஒரு பார்சி மருத்துவர். 1911-ல் இங்கிலாந்து சென்ற அகில இந்தியக் குழுவில் ஆடியவர். அச்சுற்றுப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய பால்வங்கர் பாலுவும், விக்கெட் காத்த தென்னாட்டவர் சேஷாச்சாரியும் அவருடைய தோழர்கள். அவர் பெயரால் அமைந்த லீகில் கழகமே அளவுகோல் ஆயிற்று. பார்சி ஜிம்கானா, இஸ்லாம் ஜிம்கானா முதலிய பழம்பெயர்கள் நிலைத்தன என்பது உண்மையே. எனினும் ஒரு பேட்டையின் பெயரையோ ஒரு தெருவாரின் ஆர்வத்தையோ தவிர வேறு மூலதனம் இல்லாத கழகமும் அவற்றோடு ஒரே ஏணியில் கால் வைக்க இயன்றது. 'ஏ' முதல் 'ஜி' வரை 7 பிரிவுகள், பிரிவுக்கு 14 கழகங்கள், ஆக 98 கழகங்கள் என்பது நெடுங்காலம் வழங்கிய ஏற்பாடு. வென்றவர் ஒரு படி ஏறுவர். கடைசியில் நின்றவர் ஒரு படி இறங்குவர். மாதுங்கா தட்கர் மைதானத்தைத் தாயகமாகக் கொண்ட தாதர் யூனியன் உச்சிப் படியில் நின்ற கழகம். மாதவ் மந்திரியும் கவாஸ்கரும் வெங்சர்க்காரும் ஆடியது அங்கேதான். 'ஜி' பிரிவு அதே ஏணியின் அடிப்படி.

அடிப்படியின் ஆட்டம் எத்தகையது? மூடி வைக்கப்படாத ஆடுகளம். காலையிற் சேறு, நண்பகலிற் களிமண். ஒரு பந்து மார்பளவு எழும். அடுத்தது கணுக்காலளவு தவழும். புல் முழங்காலைத் தொடுவதால் தரையோடு அடித்த பந்து பத்தடி தள்ளி நின்றுவிடும். ஆங்கு முப்பது ஓட்டம் எடுத்தவன் வேறிடத்தில் சதம் அடித்தவனுக்கு ஒப்பாவான். ஆஜாத் மைதானத்தில் 22 ஆடுகளங்கள் நெருங்கிக் கிடப்பதால், நம் பந்தயத்தின் எல்லைக் காவலனும் அடுத்த பந்தயத்தின் 'ஸ்லிப்' ஆட்டக்காரனும் முதுகோடு முதுகு உரச நிற்பர். எவர் பந்து எவர் தலைமேல் விழும் என்பதை மழைக்கடவுளே அறிவார்!

ஞாயிறுதோறும் நம் பிள்ளைகள் செம்பூரிலிருந்தும் சயானிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் மின்சார வண்டியேறி விக்டோரியா டெர்மினஸில் இறங்கிச் செல்வர். கழகத்துக்கு ஒரே பை. பைக்குள் மூன்று சோடிக் காலுறைகள். வாரமெல்லாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் தொடக்க ஆட்டக்காரர்; மளிகைக் கடையில் பொட்டலம் கட்டியவர் பந்து வீச்சாளர். ஆட்டம் முடிந்தால் வெள்ளைச் சராயைத் துவைக்கும் தாயின் பாடு தொடங்கும். ஆடிமாத ஈரத்தில் அச்சராய் அடுக்களைக் கொடியில் புதன்கிழமை வரை சொட்டிக்கொண்டிருக்கும். அதன்கீழ் அமர்ந்து உண்டவர் நாம். ஆதலின் இதற்குச் சான்று வேறு வேண்டுவதில்லை.

இக்கழகங்களுக்கு ஒரு தீராத குறை உண்டு. கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் தோன்றினால், ஓரிரு பருவங்களுக்குள் மேற்பிரிவுக் கழகம் அவனை அழைத்துக்கொள்ளும். சச்சின் டெண்டுல்கர் தம் 11-ஆம் வயதில், 1984-ல், ஜான் பிரைட் கழகத்துக்காகக் காங்கா லீகில் இறங்கினார் என்பதை யாவரும் அறிவர். நம் மாதுங்கா டான் போஸ்கோ பள்ளியிற் பயின்ற ஷ்ரேயஸ் ஐயரும் சிவாஜி பார்க்கில் பிரவீண் ஆம்ரேயின் பயிற்சியிலேயே தேர்ந்தார். இதனைக் குற்றமென யாம் கூறவில்லை; திறமை தனக்குரிய களத்தை நாடுவது இயல்பு. ஆயினும், பிள்ளையை அனுப்பிவிட்டு மறு ஞாயிறு பத்துப் பேரோடு களமிறங்கும் கழகத்தின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அயர்லாந்தில் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று உண்டு. கேலிக் கால்பந்து என்பது அந்நாட்டின் சொந்த ஆட்டம். அதனைப் பேணுதற்கென 1884-ல் தர்லஸ் நகரில் ஒரு சங்கம் எழுந்தது. ஆடுவோர்க்கு ஊதியமில்லை, பிறந்த ஊரின் கழகத்துக்கே ஆடுதல் மரபு. கடைநிலைக் கழகங்களுக்கென்று தனியே ஒரு தேசியப் போட்டியும் நடைபெறுகின்றது. 'இளையோர்' எனும் பெயர் அதற்குண்டு. அது வயதைக் குறித்ததன்று, படிநிலையைக் குறித்தது. அதன் இறுதியாட்டம் 82 ஆயிரம் பேர் அமரும் டப்ளின் குரோக் பார்க்கில் நிகழும். பிரிட்டனில் குடியேறிய அயர்லாந்தியரின் கழகங்களும் அதில் இடம்பெற்று வந்துள்ளன என்று அறிந்தபோது, ஊர்விட்டு வந்து சங்கம் அமைத்த நமக்கு உள்ளம் குளிர்ந்தது. டேவிட் கிளிஃபர்ட் என்பார் 2022-ல் கெர்ரி மாவட்டத்துக்கு அகில அயர்லாந்து வெற்றி தேடித் தந்தவர். அந்நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றவர். அவரே 2023 சனவரியில் ஃபோசா எனும் தம் சிற்றூர்க் கழகத்துக்காக அக்கடைநிலைப் போட்டியில் ஆடிக் கோப்பை வென்றார். கவாஸ்கர் 'ஜி' பிரிவில் ஆடுவதற்கு ஒப்பான செய்தி இது!

நம் கடைப்பிரிவுக் கழகங்களுக்கு அத்தகைய கோப்பையும் இல்லை, குரோக் பார்க்கும் இல்லை. அவற்றுக்கு இருப்பது ஓட்டக் கணக்கேடு ஒன்றே. கூடாரத்தின்கீழ் ஒழுகும் துளிகளைக் கையாற் காத்துக்கொண்டு, பந்துக்கொரு புள்ளியாக எவரோ எழுதிய ஏடு அது. கழகம் கலைந்தால் செயலாளர் வீட்டுப் பரணுக்குப் போகும். வீடு இடிபட்டுப் புதுக்கட்டடம் எழும்போது பழைய காகிதத்தோடு நிறுவைக்குப் போகும். சாள்கள் பல இடிந்துவரும் இந்நாளில் அவ்வாறு போனவை எத்தனையோ! அன்பர்கள் தம் இல்லங்களிலோ அண்டை அயலார் இல்லங்களிலோ அத்தகைய ஏடு எதுவும் காணின், மை கரைந்திருப்பினும், அட்டை கிழிந்திருப்பினும், நம் சங்க நூலகத்தில் ஒப்படைக்குமாறு வேண்டுகின்றோம். அதற்கென ஓர் அலமாரியை ஒதுக்கி வைத்துள்ளோம்.